செயலாளர் ஆண்டறிக்கை: சேலம் மரபுநடையும் கார்ட்னர்–பிங்கிரி இல்லமும்

அவைத் தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், கோடை விருந்து, கொலு ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவும் இனிதே நிறைவேறியது.

பழைய கட்டடங்களை நேரில் நடந்து சென்று பார்க்கும், நான் முன்மொழிந்த மரபுநடையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும், ஏனெனில் "தமிழ்ச் சங்கத்துக்கு அமெரிக்கப் பழைய வீடு எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. நாம் குடியிருக்கும் மாசசூசெட்ஸில் உள்ள சேலம், சென்னைப்பட்டினம் வரை சென்று துணி ஏற்றி வந்த கப்பல்களின் துறைமுகம். அந்தக் கடல் வணிகம் தந்த செல்வத்தில் எழுந்த வீடுகளை நாம் பார்க்காமல் யார் பார்ப்பது?

எசெக்ஸ் தெருவிலுள்ள கார்ட்னர்–பிங்கிரி இல்லம், ஜான் கார்ட்னர் என்ற வணிகருக்காக 1804-இல் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த மரச்சிற்பி சாமுவேல் மெக்கின்டயர். அமெரிக்கா விடுதலை பெற்ற பின் அங்கு வழங்கிய ஃபெடரல் என்ற கட்டடப் பாணியின் அடக்கம் முழுவதும் அந்தச் செங்கல் முகப்பில் தெரிகிறது: சுவர் தட்டையானது, தளங்களைப் பிரிக்கும் வெள்ளைப் பட்டைகள் மட்டுமே குறுக்கே ஓடுகின்றன, மூன்றாம் தளத்துச் சன்னல்கள் கீழுள்ளவற்றைவிடக் குட்டையாக இருப்பதால், மேலே செல்லச் செல்லக் கட்டடத்தின் கனம் குறைவதுபோல் தோன்றுகிறது. கூரையைக் கிராதிக் கைப்பிடி மறைத்துவிடுகிறது. அழகு வேலைப்பாடு எல்லாம் வாயிலில் குவிந்திருக்கிறது. அரைவட்ட முகப்பு மண்டபத்தைத் தாங்கும் தூண்களின் தலைப்பில் இலைக்கொத்துகள். கதவுக்கு மேல் விசிறி விரித்தாற்போன்ற கண்ணாடி. இருபுறமும் ஒடுங்கிய பக்கக் கண்ணாடிகள். கதவைச் சாத்திய பின்பும் உள்கூடத்துக்கு வெளிச்சம் வருவது இவற்றின் வழியாகத்தான் என்று நான் விளக்கியபோது, உடன் வந்த சிறுமி ஒருத்தி வாயிற்படியிலேயே நின்று கண்ணாடித் துண்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். உள்ளே கணப்பு மாடத்தில் மெக்கின்டயர் செதுக்கிய கோதுமைக் கதிர்க்கட்டைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர்க் கோயில் தேரின் மரவேலை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகத் தெரிகிறது. கட்டிய கயிறுகூடத் தெரிகிறது.

இந்த நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் 40 பேர். வந்தவர்கள் 11 பேர். பேருந்து வாடகையை 40 பேருக்கும் சேர்த்தே செலுத்தினோம். வர இயலாதவர்கள் முதல் நாள் இரவு ஒரு வரி தெரிவித்திருந்தால் சிறிய வண்டி போதுமாயிருந்திருக்கும். ஆண்டுச் சந்தாவில் ஏறத்தாழப் பாதி இன்னும் நிலுவையில் உள்ளது. விழா நாளில் முதல் வரிசையில் அமர்வோர் சிலரும் அதில் அடக்கம் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாகவே உள்ளன; விவரங்களைப் பொருளாளரிடம் பார்க்கலாம்.

தலைவருக்கும் பொருளாளருக்கும், சமையல் பொறுப்பை ஏற்ற சகோதரிகளுக்கும், அரங்கம் தந்து உதவிய பள்ளிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செஸ்ட்நட் தெருவிலுள்ள ஹாமில்டன் மண்டபத்தைக் காண விரும்புகிறேன். அதுவும் மெக்கின்டயரின் வடிவமைப்பே. அதன் சுவரில் அவர் வடித்த கழுகையும் தோரணங்களையும் விளக்கும் தமிழ்க் கையேட்டை ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டேன். அதை அச்சிடுவதும், இப்பொறுப்பில் நான் தொடர்வதும் உறுப்பினர்களின் ஆதரவைப் பொறுத்தவை. சந்தா உறைகள் வாயில் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. கூட்டம் முடியும் வரை பொருளாளர் அங்கே இருப்பார்.