மேசை மேல் நோட்டு ஏன் இன்னும் இருக்கிறது?

எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் பள்ளி, கல்லூரி, அலுவலக வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"சிஸ்டமும் போட்டாச்சு, பயிற்சியும் கொடுத்தாச்சு. ஆனாலும் எங்கள் ஆட்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் கணினியில் ஏற்றுகிறார்கள்." உங்களிடமிருந்து அடிக்கடி வரும் குறை இது. கூடவே, இன்னொரு பயிற்சி வையுங்கள் என்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

மதிப்பெண் பதிவுத் திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர்கள் பதிவெண் வரிசையில் நிற்கும். ஆசிரியர் கையில் இருக்கும் விடைத்தாள் கட்டோ திருத்திய வரிசையில் இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் மேலும் கீழும் உருட்டிப் பெயரைத் தேட வேண்டும். நடுவில் ஒரு மாணவர் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போவதற்குள் லாகின் காலாவதியாகிவிடும். நோட்டில் இந்தத் தொல்லை ஏது? அலுவலகங்களிலும் இப்படித்தான். நிரப்பாமல் நகர முடியாத கட்டத்தில் கைபேசி எண் கேட்டால், வரிசையாகப் 10 ஒன்பதுகள் விழும். பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லோரும் ஜனவரி 1 அன்று பிறந்திருப்பார்கள்!

இது இன்று நேற்று வந்த விஷயம் இல்லை. 'இது என் வேலைக்கு உதவுமா?', 'கையாளச் சுலபமா?' என்ற இரண்டு எண்ணங்களை வைத்தே மக்கள் ஒரு கணினி அமைப்பை ஏற்கிறார்கள் என்று தகவல் அமைப்பு ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-ல் எழுதினார். அவர் ஆய்வில் முதல் எண்ணத்துக்குத்தான் எடை அதிகம். திரை அழகாக, சுலபமாக இருந்தும் யாரும் தொடாமல் கிடப்பது இதனால்தான்.

சரி, உதவி யாருக்கு? தட்டச்சு செய்பவர் ஒருவர், அறிக்கையைப் பார்ப்பவர் இன்னொருவர். 1983-ல் லின் மார்கஸ் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு அமைப்பைப் பற்றி எழுதினார். தலைமை அலுவலகக் கணக்கர்களுக்கு அது பிடித்துப்போனது. பிரிவுகளின் கணக்கர்கள் முரண்டு பிடித்தார்கள். முன்பு பிரிவுகள் தொகுத்து அனுப்பியதைத்தான் மேலிடம் பார்க்கும். புதிய அமைப்பில் மேலிடமே நேராக உள்ளே எட்டிப் பார்க்கலாம். அது பயிற்சி வைத்துத் தீர்கிற மனத்தாங்கலா, சொல்லுங்கள்?

கட்டாயப்படுத்தினால் எல்லோரும் உள்ளே வருவார்கள், அது உண்மை. ஆனால் அந்த லாகின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாட வீடியோவை ஒலியை அடக்கி ஓடவிட்டு வேறு வேலை பார்க்கும் மாணவர்கூட, எங்கள் கணக்கில் 'முழுதும் பார்த்தவர்'தான். (அந்த வரியை அறிக்கையிலிருந்தே எடுத்துவிடலாமா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.)

அடுத்த பதிப்பில் பதிவெண்ணின் கடைசி இலக்கங்களைத் தட்டினால் அந்த மாணவரின் வரி நேராக வந்து நிற்கும். விடைத்தாள் எந்த வரிசையில் இருந்தாலும் கவலையில்லை. லாகின் போனாலும் அதுவரை ஏற்றிய மதிப்பெண்கள் அப்படியே இருக்கும். கட்டாயக் கட்டங்களைக் குறைக்கிறோம். 'தெரியவில்லை' என்பதும் ஒரு பதிலாகச் சேர்கிறது. வகுப்பறிக்கை முதலில் ஆசிரியருக்கே வரும், அவர் சரிபார்த்த பிறகுதான் மேலே போகும்.

உங்கள் பக்கம் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நோட்டையும் கணினியையும் சேர்த்து எழுதும் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதியை முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். இரட்டை வேலை நீண்டுகொண்டே போனால் யாருக்கும் பொறுமை இருக்காது. அப்புறம், பயிற்சிக்கு நாள் குறிக்கும் முன், உங்கள் ஊழியர்கள் வைத்திருக்கும் நோட்டுகளில் சில பக்கங்களை, பெயர்களை மறைத்துப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்த விவரம் எங்கள் திரையில் இல்லை என்று பார்த்துவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் உதவிக் குழு