மொகல் தெருவில் பழைய தங்கம்

ரங்கூன்

அன்புள்ள பங்காளி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் கழிந்து பதில் வருகிறது. திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். நெட்டையன் இன்னும் கடனைத் திருப்பித் தரவில்லை, ஆகையால் அவனும் சுகமாகத்தான் இருக்கவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையனை ஜப்பானுக்கு அனுப்ப அம்மாவின் பழைய நகையை உங்கள் ஊர் மோல்மீனிலேயே விற்றுவிடப்போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. போன மாதம் நானும் வீட்டிலிருந்த உடைந்த வளையல், ஒற்றைத் தோடு, அறுந்த சங்கிலி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொகல் தெருவுக்குப் போனேன். (இப்போதைய பெயரில் ஷ்வே போந்தா தெரு என்று எழுதினால் உனக்கு வழி தெரியாது.)

முதல் கடைக்காரர் நகையை உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கினார். "இந்தியா நகையா? 14 பெ" என்றார். உரைகல்லைத் தொடக்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கணக்கைப் பார். நம் ஊரில் காரட் மாதிரி இங்கே தங்கத்தின் தரத்துக்குப் பெ கணக்கு. சொக்கத்தங்கம் 16 பெ. நல்ல கடை நகை 15 பெ, அதாவது நூற்றுக்கு 93.75. ஊரிலிருந்து வந்த நம் பாட்டிமார் நகை 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 சொச்சம். பெ கணக்கில் அது 14-ஐத் தாண்டி, 15-ஐத் தொடாமல் நடுவில் நிற்கிறது. கடைக்காரர் அதைக் கீழே தள்ளி 14 என்று எழுதினால் நூற்றுக்கு 87.5-க்குத்தான் உனக்குக் காசு. பத்துப் பவுனுக்கு மூன்று கிராமுக்கு மேல் சும்மா கொடுத்துவிட்டு வருகிறாய்! அதற்கு மேல் அழுக்கு, அரக்கு, தேய்மானம் என்று தனியாகக் கழிவு வேறு. விலையில் அவர்கள் ஏமாற்றுவதே இல்லை பங்காளி. விலை ஊருக்கே தெரியும். தரத்திலும் கழிவிலும்தான் கை வைக்கிறார்கள். அதனால் "மொத்தமா எவ்வளவு தருவீங்க" என்று மட்டும் வாயைத் திறக்காதே. எடை எவ்வளவு, எத்தனை பெ, கழிவு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்.

இன்னொரு கடையில் ஒரு கிழவர் இருந்தார். வளையலைக் கருங்கல்லில் இழுத்தார், பக்கத்திலேயே தரம் தெரிந்த ஊசி ஒன்றையும் இழுத்தார். இரண்டு கோட்டின் மேலும் ஒரே சொட்டுத் திராவகம். 14 பெ ஊசியின் கோடு மங்கத் தொடங்கியும் என் வளையலின் கோடு அப்படியே நின்றது. கிழவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினாலரை போடலாம்" என்றார். ஆனால் சங்கிலியின் கோடு சட்டென்று வெளுத்துவிட்டது. ஆசாரி பற்றவைத்த இடமெல்லாம் தரம் குறைந்த பொடி, என்ன செய்வது. அதை நியாயமாகக் குறைத்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது பல கடைகளில் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது மேல்தோலைத்தான் பார்க்கும். சந்தேகம் வந்தால் உருக்கிப் பார்க்கவேண்டும், அதுவும் உன் கண் முன்னால். உருக்குவதற்கு முன் பிரித்து வை. உன் தங்கச்சியின் சிங்கப்பூர் சங்கிலி 18 காரட்தானே? அதை அம்மா நகையோடு சேர்த்து உருக்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே தரம் சொல்லிக் கீழே இழுத்துவிடுவார்கள். சிவப்புக்கல்லைப் பிடுங்கி வாங்கிக்கொள். கொக்கிக்குள் இருக்கும் எஃகுச் சுருளையும் எடுக்கச் சொல், இல்லாவிட்டால் அதைச் சாக்கு வைத்து ஒரு பெ கழிப்பார்கள்.

எந்த நாளில் விற்பது என்பது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போனபோது உங்கள் அப்பா கடைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாரே. அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் உலை வைத்தது இதே நகையை அடகு வைத்துத்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் ஏஜெண்டுக்குப் பணம் கட்டும் தேதி உறுதியான பிறகு வில். காலையில் விற்று மாலையில் கட்டு. நோட்டாக வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதே. தேவைக்கு மேல் ஒரு தோடுகூட விற்காதே.

அப்புறம், உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். பையன் சம்மதித்தான், ஏஜெண்டு சம்மதித்தார் என்று இரண்டு பக்கம். அம்மா சம்மதித்தாரா என்று ஒரு வரி இல்லை. கேட்டாயா இல்லையா? கேட்டுவிட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, எங்கள் வீட்டிலேயே தங்கலாம். மீன்காரியை அழவைத்த வாய் அது, கழிவைப் பற்றி அவரே பேசட்டும். நீ தராசைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பங்காளி