ஹுதைதா துறைமுகமும் ஏமனின் பட்டினியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏமன் போர் குறித்த தங்கள் தலையங்கத்தில் வான்வழித் தாக்குதல்கள் விரிவாக வந்திருந்தன. துறைமுகமும் வங்கியும் விடுபட்டுவிட்டன. 2021 இறுதிக்குள் 3,77,000 பேர் மாண்டிருப்பார்கள் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரைக் கொண்டுபோனது பசியும் நோயும் மருந்தில்லாமையும்.

ஏமன் தனக்கு வேண்டிய கோதுமையில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. வடபகுதிக்கு அது வந்து இறங்கும் இடம் செங்கடலோர ஹுதைதா. தலைநகர் சனாவையும் வடபகுதியையும் பிடித்திருந்த ஹவுதி கிளர்ச்சியாளர்களுக்கு எதிராக 2015 மார்ச் 26-ல் சவூதி தலைமையிலான கூட்டணி போரில் இறங்கியது. ஆகஸ்டில் அத்துறைமுகத்தின் கிரேன்கள் குண்டுவீச்சில் செயலிழந்தன. கரையில் கிரேன் இல்லையென்றால், சொந்தக் கிரேன் உள்ள கப்பல்தான் சரக்கை இறக்க முடியும், அதுவும் மெதுவாக. ஒரு கப்பல் பெர்த்தில் கூடுதலாக நின்றால் அடுத்தது வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம், அதற்கு மேல் போர்க்காலக் காப்பீடு. அத்தனையும் மாவு மூட்டையின் விலையில்தான் வந்து ஏறும்.

உலக உணவுத் திட்டம் தலா 60 டன் வரை தூக்கும் 4 நகரும் கிரேன்களை வாங்கி அனுப்பியது. 2017 ஜனவரியில் கூட்டணி அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. கரை சேர 2018 ஜனவரி ஆயிற்று. ஒரு முழு ஆண்டு! காலரா பாதிப்பு இருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டோர் 10 லட்சத்தைத் தாண்டியதும் அதே 2017-ல்தான்.

ஹவுதிகளுக்கு ஆயுதம் வரக் கூடாது என்ற கவலையில் தவறில்லை. பாதுகாப்பு அவையின் 2216-ஆம் தீர்மானமே அதைச் சொல்கிறது. அதற்காகத்தான் 2016 மே முதல், எதிரே ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜிபூத்தியில் ஐ.நா. கப்பல்களைச் சோதித்து அனுமதி வழங்கியது. அந்த அனுமதி பெற்ற கப்பலையும் கூட்டணிக் கடற்படை நடுக்கடலில் நிறுத்தி வைத்ததற்கு என்ன நியாயம்? ஹவுதிகள் கையும் சுத்தமில்லை. உதவி உணவு வேறு கைகளுக்குப் போனதால்தான் 2019 ஜூனில் உலக உணவுத் திட்டம் சனாவில் விநியோகத்தை ஓரளவு நிறுத்தியது.

2016 செப்டம்பரில் மத்திய வங்கி சனாவிலிருந்து, தெற்கே அரசின் கையிலிருந்த ஏடனுக்கு மாற்றப்பட்டது. வடக்கே ஆசிரியர், செவிலியர் சம்பளம் நின்றது. ஏடன் அச்சடித்த புது நோட்டுகளை 2019 இறுதியில் ஹவுதிகள் தடை செய்தனர். போருக்கு முன் டாலருக்குச் சுமார் 215 ரியால். 2021-ல் சனாவில் 600 அளவில், ஏடனிலோ 1,000-க்கு மேல். ஏடனில் வேலை பார்த்து சனாவிலுள்ள வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவரின் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இந்த இடைவெளியிலேயே கரைந்துவிடுகிறது.

ஏமன் பற்றி இனி எழுதும்போது மாவின் விலையையும், இரு நகரங்களின் ரியால் மதிப்பையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி