முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரைத்தீர்வையைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வாடகை வீட்டில் குடியிருக்கும் மனுதாரர்,
திருநகர், மதுரை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வணிகவரி மற்றும் பதிவுத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

வழி: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், மதுரை.

பொருள்: 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தனி வீடு, பழைய வீடு, மனை ஆகியவற்றை முதல் சொத்தாக வாங்குவோருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு உள்ள 6 சதவீத விகிதத்தை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2023 டிசம்பர் முதல், புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை அதன் முதல் விற்பனையில் வாங்குபவர், அதன் கூட்டு மதிப்பு (நிலப் பாகமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பு) 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், 4 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக்கட்டணமும் செலுத்தினால் போதுமானது. நிலத்தின் பிரிபடாத பாகத்துக்குக் கிரயமும் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் பதிந்துவந்த பழைய முறை நின்றதால் கூடும் சுமையை இந்த விகிதம் தணிக்கிறது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அதே மதிப்பில் தனி வீட்டையோ, பழைய வீட்டையோ, மனையையோ வாங்குபவர் 7 சதவீதமும் 2 சதவீதமுமாக 9 சதவீதம் செலுத்துகிறார். அடுக்குமாடி வீட்டை வாங்குபவரிடம் அது அவருக்கு எத்தனையாவது வீடு என்று எவரும் கேட்பதில்லை. ஆக, இன்றுள்ள சலுகை கட்டடத்தைப் பார்த்துத் தரப்படுகிறதே தவிர, வாங்குபவரின் நிலையைப் பார்த்து அன்று.

மதுரையில் இந்த வேறுபாடு கூடுதலாக உறைக்கிறது. விளாங்குடி, ஆனையூர், அவனியாபுரம், ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை போன்ற பகுதிகளில் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் தேடுவது பெரும்பாலும் இரண்டு மூன்று சென்ட் மனையை, அல்லது ஒருவர் கட்டிக் குடியிருந்து விற்கும் பழைய வீட்டைத்தான். அரசு பதிவுக்கென நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பின்படி 30 லட்சம் ரூபாய்க்குப் பதியப்படும் ஒரு பழைய வீட்டுக்குப் பத்திர எழுத்தர் தாளின் ஓரத்தில் போட்டுக் காட்டும் கணக்கு 2,70,000 ரூபாய் ஆகும். அதே தொகைக்குப் புதிய அடுக்குமாடி வீடு என்றால் 1,80,000 ரூபாய். எழுத்துக்கூலி முதலியன இதற்கு வெளியே.

இந்த 90,000 ரூபாய் வேறுபாட்டை வீட்டு விலையோடு ஒப்பிட்டால் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் வீட்டு விலையில் பெரும்பகுதியை வங்கி தருகிறது. பத்திரச் செலவைத் தருவதில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கடன் அளவைக் கணக்கிடும்போது முத்திரைத்தீர்வையையும் பதிவுக்கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்க்கக் கூடாது. மேற்சொன்ன வீட்டுக்கு வங்கி அதிகபட்சமாக 90 சதவீதம், அதாவது 27 லட்சம் ரூபாய் தந்தாலும், மீதி 3 லட்சத்தையும் பத்திரச் செலவு 2,70,000 ரூபாயையும் வாங்குபவர் கையிலிருந்து வைக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு சொத்து உள்ளவர் அதை விற்றோ அடமானம் வைத்தோ இதைச் சமாளிப்பார். முதல் வீடு வாங்குபவருக்கு இருப்பது வீட்டு நகைதான். அது அடகுக்குப் போகிறது. கிரய ஒப்பந்தக் கெடு முடிவதற்குள் பணம் புரளாவிட்டால் கொடுத்த முன்பணத்துக்கும் ஆபத்து.

2023 ஏப்ரலில் பதிவுக்கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது உண்மையே. ஆனால் 2017-இல் 33 சதவீதம் குறைக்கப்பட்டிருந்த வழிகாட்டி மதிப்பும் அப்போதே பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. முன்பு 67,000 ரூபாய் மதிப்புக்கு 11 சதவீதமாக 7,370 ரூபாய் கட்டிய இடத்துக்கு, அதன் பின் ஒரு லட்சம் மதிப்புக்கு 9 சதவீதமாக 9,000 ரூபாய் கட்ட நேர்ந்தது. விகிதம் இறங்கியும் வழிகாட்டி மதிப்பில் பத்திரம் பதிந்தவரின் செலவு ஏறியது. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக்கட்டணத்தில் தரப்படும் 1 சதவீதச் சலுகை வரவேற்கத்தக்கதே. எனினும் அதனால் மிஞ்சுவது அதிகபட்சம் 10,000 ரூபாய். அந்த வரம்புக்குள் மாநகராட்சி எல்லையில் குடியிருக்கத் தக்க வீடு அமைவது அரிது.

எல்லோருக்கும் பொதுவாகத் தீர்வையைக் குறைக்குமாறு நான் கேட்கவில்லை. அப்படிக் குறைத்தால் நான்காவது மனையை வாங்கிப் போடுபவரும் பயன்பெறுவார். விற்பவரும் அந்த வேறுபாட்டை விலையில் ஏற்றிக்கொள்ள இடமுண்டு. மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தீர்வையை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தபோது பதிவுகள் பெருகின. ஆனால் அது முதல் வீடு வாங்குபவரைத் தனியே பிரித்துப் பார்த்த சலுகை அன்று. இங்கிலாந்தில் 2017 நவம்பரில் வந்த தீர்வைச் சலுகையோ முதல் வீடு வாங்குபவருக்கு மட்டும் உரியதாக வகுக்கப்பட்டது. நான் கோருவது இரண்டாவது வகையை.

இந்திய முத்திரைச் சட்டம், 1899-இன் 9-ஆம் பிரிவு தீர்வையைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. எனவே தன் பெயரிலோ வாழ்க்கைத்துணை பெயரிலோ தமிழகத்தில் வீடோ மனையோ இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் அளிப்பவருக்கு, 50 லட்சம் ரூபாய் வரையிலான முதல் கிரயத்தில் முத்திரைத்தீர்வையை 7 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்து ஆணையிடுமாறு வேண்டுகிறேன். ஐந்து ஆண்டுகளுக்குள் அச்சொத்தை விற்றாலோ, மனையாயின் மூன்று ஆண்டுகளுக்குள் வீடு கட்டாவிட்டாலோ, குறைக்கப்பட்ட தொகையை வட்டியுடன் வசூலிக்கும் நிபந்தனையையும் விதிக்கலாம். பொய் உறுதிமொழிகளை ஆதார், நிரந்தரக் கணக்கு எண் விவரங்களைக் கொண்டு பதிவுத்துறையே கண்டறிய இயலும்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மனுதாரர்

இடம்: மதுரை