அடோனிஸ் எந்த வகைப் பிரபு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் பிரதமராக இருந்த டோனி பிளேரின் ஆலோசகராக இருந்து, அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போன ஆண்ட்ரூ அடோனிஸைப் பற்றிய தங்கள் கட்டுரை அவரைப் பரம்பரைப் பிரபுக்களோடு சேர்த்துவிட்டது. பரம்பரைப் பட்டத்துக்கும் வாழ்நாள் பட்டத்துக்கும் உள்ள வேறுபாடு செட்டிநாட்டு வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1929இல் அண்ணாமலை செட்டியாருக்கு வெள்ளை அரசு கொடுத்த 'செட்டிநாட்டு ராஜா' பட்டம் வாரிசுக்கும் சேர்த்துக் கொடுத்தது. 1948இல் அவர் மறைந்ததும் மகன் முத்தையா செட்டியாருக்கு வந்தது. அடோனிஸ் பெற்றது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் வாழ்நாள் பட்டம். அவர் காலத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்குச் சபையில் இடம் கிடையாது.

பட்டத்தோடு நிலபுலன் எதுவும் வருவதில்லை. 'கேம்டன் டவுன் அடோனிஸ் பிரபு' என்பதிலுள்ள ஊர்ப்பெயர், நம் வட்டகையில் பெயருக்கு முன்னால் போடும் விலாசம் (தலைப்பெழுத்து) மாதிரி, ஓர் அடையாளம் மட்டுமே. கேம்டன் அவர் வளர்ந்த இடம். தந்தை சைப்ரஸிலிருந்து குடியேறி, தபால்காரராக வேலை பார்த்தவர். மகனோ குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிற்பகுதிப் பிரபுக்களின் அரசியலையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். பிறகு அந்தச் சபையிலேயே போய் உட்கார்ந்தது வேடிக்கைதான்.

பட்டம் வரும் வழியையும் கட்டுரை விட்டுவிட்டது. பிரதமர் பெயரைக் கொடுப்பார். 2000இல் அமைந்த நியமன ஆணையம் அந்த ஆளின் நடத்தையில் களங்கம் உண்டா என்று பார்க்கும். கட்சி நியமனம் என்றால் தகுதியை எடைபோடும் வேலை அதற்கு இல்லை. ஆணையம் சொல்வதும் யோசனைதான். 2020இல் ஒரு பெயருக்கு அது மறுப்புச் சொல்லியும் அன்றைய பிரதமர் கேட்கவில்லை. பிறகு பெருமுத்திரை இட்ட அரச சாசனம் வரும். சிவப்பு அங்கியோடு, இரண்டு உறுப்பினர்கள் துணைக்கு வர, சபையில் உறுதிமொழி எடுக்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லை. வந்த நாளுக்குப் படி. அமைச்சரானால் சம்பளம் தனி. சபையில் இருக்கும்வரை நாடாளுமன்றப் பொதுத்தேர்தலில் ஓட்டும் கிடையாது.

இதெல்லாம் சடங்கு. எங்களுக்கு முக்கியமாகப் படுவது, அறைக்குள் யோசனை சொன்ன ஒருவர் வெளியே வந்து பதில் சொல்லும் ஆளாக மாறினாரா என்பது. அரசியல் ஆலோசகர் அங்கே தற்காலிக அரசு ஊழியர். சம்பளம் மக்கள் வரிப்பணம், தேர்வு எழுதி வரத் தேவையில்லை, கட்சி சார்ந்து பேசலாம், நியமித்த அமைச்சர் போனால் வேலையும் போகும். அடோனிஸ் 1998இல் பிரதமர் அலுவலகத்துக்கு வந்தார். 2001 முதல் 2003 வரை கொள்கைப் பிரிவின் தலைவர். பல்கலைக்கழகக் கட்டணத்தை ஆண்டுக்கு 3,000 பவுன் வரை உயர்த்திய திட்டத்தில் அவர் கை பெரிது. 2004 ஜனவரியில் அந்த மசோதா 316க்கு 311 என்று 5 ஓட்டில் பிழைத்தது. அன்று மக்கள் சபையில் அடி வாங்கியவர் கல்வி அமைச்சர். திட்டத்தை வகுத்தவருக்கு எந்தச் சபையிலும் வாய் திறக்க இடமில்லை. 2005 மே மாதத் தேர்தல் முடிந்ததும் பட்டம் கொடுத்து அவரைக் கல்வித் துறைத் துணை அமைச்சர் ஆக்கினார்கள். அதை நாங்கள் குறையாகச் சொல்லமாட்டோம். பெயர் தெரியாமல் ஆட்டிவைப்பதைவிட இது மேல்.

ஆனால் பாதிதான் மேல். 2009 ஜூனில் அவர் போக்குவரத்து அமைச்சராகக் கேபினட்டுக்கு வந்தபோது, பிரபுக்கள் சபை உறுப்பினர் என்பதால் மக்கள் சபையில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அங்கே துணை நின்றவர் இணையமைச்சர் சாதிக் கான், பின்னாளில் லண்டன் மேயர். நம் அரசியல் சட்டத்தின் 88ஆவது பிரிவில் இந்தச் சிக்கல் இல்லை. ஓட்டுப் போட முடியாவிட்டாலும், அமைச்சர் எந்த அவையிலும் பேசலாம். மன்மோகன் சிங்கும் ஆலோசகராக இருந்து வந்தவர்தான். 1991 ஜூனில் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாமலே நிதியமைச்சரானார். ஆறு மாதக் கெடுவுக்குள், அக்டோபரில், அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். மக்களவையில் பட்ஜெட்டை அவரே வாசித்தார், அவரே பதிலும் சொன்னார். இந்த ஒப்பீடு தங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அகாடமிப் பள்ளிகள். கட்டுரை அவற்றைத் 'தனியார் பள்ளிகள்' என்கிறது. தவறு. கட்டணம் கிடையாது, நடத்தும் செலவை அரசு, உள்ளாட்சியைத் தாண்டி நேரடியாகக் கொடுத்தது. தொடக்கத்தில் ஒரு புரவலர் 20 லட்சம் பவுன் வரை போட்டார். புதுக் கட்டடத்துக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி பவுன் ஆனது. ஐந்தொகை போட்டுப் பார்த்தால் புரவலர் பங்கு நூற்றுக்கு 8. அதற்கு அவருக்குக் கிடைத்தது நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை. நம் ஊர் அறக்கட்டளைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் நிர்வாகம் கொடையாளியிடம், ஆசிரியர் சம்பளம் அரசிடம்தான். ஆனால் இங்கே சம்பள விகிதம் அரசு வைத்தது. அகாடமியோ தானே வைத்துக்கொள்ள முடிந்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துவிட்டு, நடத்தும் பொறுப்பை மத்திய அரசின் ஆய்வுக் குழுமத்திடம் விட்டதை இதோடு வைத்துப் பார்க்கலாம். தருமத்துக்கென்று மகமை எழுதிப் பழகிய ஊருக்கு எது கொடை, எது குத்தகை என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பலன் கலவைதான். லண்டன் ஹாக்னியில், 1995இல் மூடப்பட்ட பள்ளி இருந்த இடத்தில் 2004இல் எழுந்த மாஸ்போர்ன் நல்ல பெயர் எடுத்தது. மிடில்ஸ்பரோவில் 2002இல் திறந்த யூனிட்டி 2005 ஆய்வில் தேறவில்லை. பள்ளிக்குப் பணம் கொடுத்தால் பட்டம் கிடைக்குமா என்ற சந்தேகமும் எழுந்து, 2006இல் பிளேரின் கட்சிக்குக் கடன் கொடுத்தவர்கள் மீது தொடங்கிய போலீஸ் விசாரணையோடு சேர்ந்துகொண்டது. 2007 ஜூலையில் யார்மீதும் வழக்கு இல்லை என்று முடித்தார்கள்.

பல்கலைக்கழகக் கட்டண விஷயத்தில் அடோனிஸ் 2017இல் மனம் மாறி, கட்டணத்தையே எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். கட்டுரையில் இது இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அவர் 'பதவி விலகினார்' என்ற வரியையும் திருத்த வேண்டும். அவர் விட்டது தேசிய உள்கட்டமைப்பு ஆணையத்தின் தலைவர் பதவியை மட்டும். பிரபுக்கள் சபை இடத்தை விடவில்லை.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
காரைக்குடி