முதலில் கந்தகத்தைக் கழுவட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலக்கரி அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பிடிக்கும் திட்டம் பற்றிச் சில வார்த்தைகள். அந்தப் புகையில் கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம்தான். அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கரைசலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால்தான் வாயு பிரியும். அதற்கான நீராவியை, மின்சாரம் தயாரிக்கச் சுழலும் டர்பைனிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரும் மின்சாரத்தைத் தின்னும். உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு நிலையத்துக்குள்ளேயே கரைந்துவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை கந்தகம். புகையிலுள்ள கந்தக வாயுவான சல்பர் டை ஆக்சைடு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தாண்டினாலே அமீனோடு சேர்ந்து, எவ்வளவு சூடாக்கினாலும் பிரியாத உப்பாகிவிடும். விலை மிகுந்த கரைசலை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். நம் நாட்டிலோ, பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே கட்டாயமில்லை என 2025 ஜூலையில் விலக்கு அளித்தாயிற்று. குளிக்காதவர் அத்தர் வாங்கக் கிளம்பிய கதைதான்!

கனடாவின் பவுண்டரி டேம் அனல்மின் நிலையம் கரியமில வாயுவைப் பிடிக்க 2014இல் தொடங்கியும், சாம்பல் அடைப்பாலும் அமீன் சிதைவாலும் ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்ற இலக்கை எட்டத் திணறியது. பிடித்த வாயுவை எண்ணெய் எடுக்கப் பயன்படுத்திய டெக்சாஸின் பெட்ரா நோவா திட்டம், 2020இல் எண்ணெய் விலை சரிந்ததும் மூன்று ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

பிடித்த வாயுவைக் கொண்டுபோகும் குழாயும் ஆபத்தானதே. 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சட்டார்ஷியா அருகே குழாய் உடைந்தபோது, காற்றைவிடக் கனமான வாயு தாழ்விடத்தில் தேங்கி, ஆக்சிஜன் போதாமல் வண்டி எஞ்சின்களே நின்றுபோயின. 40க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். டெண்டர் விடுமுன், குழாய் செல்லும் வழியையும் நிகர மின் உற்பத்தியையும் வெளியிட வேண்டும்.

வாசகர், தூத்துக்குடி