11 நிமிடத்தில் வந்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர்ப் புதிய தீயணைப்பு நிலைய அலுவலர் ஐயாவுக்கும், வீரர்களுக்கும், அந்த நிலையம் வருவதற்காக அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

பங்குனி மாத மத்தியானம் எங்கள் தெருவில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டது. 101-க்குக் கூப்பிட்டவள் என் மகள். 11 நிமிடத்தில் சிவப்பு வண்டி தெருமுனை திரும்பியது. உள்ளே சிலிண்டர் இருக்கிறது என்று அந்த வீட்டு அக்கா கத்தியதும், நனைத்த சாக்கோடு ஒரு தம்பி உள்ளே போய் அதைத் தூக்கி வந்தார். இன்னொருவர் பக்கத்து வீட்டுக் கூரையை நனைத்துக்கொண்டே இருந்தார். எரிகிற வீட்டை விட்டுவிட்டு எரியாத வீட்டுக்கு ஏன் தண்ணீர் என்று சிலர் சத்தம் போட்டோம். அந்தத் தண்ணீரால்தான் வரிசையில் மீதி 8 வீடுகளும் இன்று நிற்கின்றன. சத்தம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. மன்னித்துவிடுங்கள் தம்பி.

நாலு வருடத்துக்கு முன்னால் இதே தெருவில் தீப்பிடித்தபோது வண்டி 27 கிலோமீட்டர் தாண்டி வர வேண்டியிருந்தது. அன்று வந்தவர்களும் உயிரைக் கொடுத்துத்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் கீற்றுக் கூரை அவ்வளவு நேரம் தாங்குமா? 6 வீடு சாம்பல்.

அப்புறம்தான் மனு எழுத ஆரம்பித்தோம். நூறு நாள் வேலைக் கூலியை விட்டுவிட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாள்தோறும் கலெக்டர் ஆபீஸ் படியேறிய அக்காக்களுக்குத்தான் முதல் நன்றி. ஒன்றிய, மாநில அரசுகளுக்குள் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் பதினைந்தாவது நிதிக்குழு சொன்னபடி, மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கியது. அதில் நம் மாநிலம் போடவேண்டிய பங்கு 25 விழுக்காடு. இதையெல்லாம் தேடிப் படித்து மனுவில் சேர்த்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. சட்டமன்றத்தில் துறைவாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எங்கள் ஊருக்காகக் கேட்ட சட்டமன்ற உறுப்பினருக்கும், கோப்பைத் தூங்கவிடாத அலுவலர்களுக்கும் நன்றி. வண்டி வாங்கியதோடு நிறுத்தாமல், டீசலுக்கும் ஹோஸுக்கும் ராத்திரி முழித்திருக்கும் ஆட்களின் சம்பளத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினார்கள் பாருங்கள், அதுதான் பெரிது.

ஏப்ரல் 14, தீத்தொண்டு நாளன்று தெருவே கிளம்பி நிலையத்துக்கு வந்தோம். 1944-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களுக்காக உங்களோடு நின்றோம். வாடகைக் கட்டடம், வண்டிக்கு மேலே வெறும் தகரம், படுக்க ஒரே அறை. பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

சொந்தக் கட்டடம் கேட்டு அடுத்த மனு எழுதியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வந்துவிடுங்கள்.